நாலாம் நம்பர் பொத்தான்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை. துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்து முனைகளை அவளும் மறுபக்கத்து முனைகளை எதிரில் நிற்கும் பெண்ணும் பிடித்து, உதறி, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடித்து அடுக்குவதுதான் பல வருடங்களாக அவள் பிழைப்பு. காலை எட்டுக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை நிற்க வேண்டும். அந்த அறையில் நாற்காலி கிடையாது. போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் பயம். நியாயமான பயம்தான், போட்டால் உட்கார்ந்துதான் விடுவார்கள்.

அன்று வேலை முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். தையல் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. கிழிந்த விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி இவற்றுக்கெல்லாம் மிஷினில் ஒட்டுப்போடும் வேலை. சம்பளம் அதேதான், ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரே சிக்கல், அது மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து இரவு ஒன்பதுக்கு முடியும்.

“உன் காலைப் பாத்துட்டுதான் முதல்ல உன்கிட்ட சொல்றேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள போன் பண்ணிடு. இல்லைன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்.”

“வீட்ல கேட்டுட்டு சொல்றேங்கம்மா.”

“போன மாசமும் இதேதான் சொன்னே.”

போன மாதம் வீட்டில் கேட்காமல் இல்லை. கேட்டாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டிலும் அவர் வலது கால் சும்மா இருக்காது. டிவியில் கார் வேகமாக வந்தால் சோபாவுக்கு முன்னால் தரையை ஓங்கி மிதிப்பார். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கு டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

“சாயங்காலம் ஒண்ணுதான் நாம நாலு பேரும் ஒண்ணா உட்கார்ற நேரம். அதையும் கெடுத்துட்டு நீ அங்க போய் உட்காரணுமா?”

அவள் அப்போது சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்கிறோம் என்று அவர் சொன்னது அவளுக்கும் அந்த நேரத்தில் சரியாகத்தான் பட்டது. அசதியில் எதுதான் சரியாகப் படாது? இன்றைக்கு இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள். வீடு வந்து சேர்ந்தபோது கேட்கிற நிலைமையில் அங்கே யாரும் இல்லை. வீடே பதறிப்போய்க் கிடந்தது.

பதற்றத்துக்குக் காரணம் டிவிக்கு மேலே இருந்த பெட்டி. அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சியை யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பது அவர்கள் தொழில். வாசல்கதவு அகலத்துக்கு ஒரு பெரிய டிவியைச் சும்மா கொடுத்து, மேலே இந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குத் தனி ரிமோட். வீட்டில் ஆளுக்கு ஒரு நம்பர்: மாமனாருக்கு ஒன்று, மாஸ்டருக்கு இரண்டு, கல்லூரிக்குப் போகும் மகளுக்கு மூன்று, இவளுக்கு நான்கு. பார்க்க உட்கார்ந்தால் உங்கள் நம்பரை அமுக்க வேண்டும், பச்சை விளக்கு எரியும். எழுந்து போனால் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். திரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பவர்தான் பார்ப்பவர் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்கள்.

மாஸ்டருக்கு ஏது அவ்வளவு பொறுமை? ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக அமுக்கிவிடுவார். படுக்கப் போகும்போது வரிசையாக அணைப்பார். நாலும் எரிந்தால்தான் அவருக்குத் திருப்தி. இதில் களவாணித்தனம் எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. பெண்டாட்டி வீட்டில்தானே இருக்கிறாள், வீட்டில்தானே டிவி ஓடுகிறது என்பது அவர் கணக்கு.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் இன்று போன் வந்திருக்கிறது. இந்த வட்டாரத்திலேயே அதிக நேரம் டிவி பார்க்கும் குடும்பத் தலைவி உங்கள் வீட்டு நாலாம் நம்பர்தான். வினாடி வினா, சீரியல், பாட்டுப் போட்டி, நகைச்சுவை, போலீஸ் தொடர் என்று ஒன்றைக்கூட விடாமல் பார்க்கிறார். அவரை நேரில் பார்த்துப் பேச ஏழு மணிக்கு ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

“மாட்டினோம்னா டிவியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார் மாஸ்டர். “அப்பாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு.”

மாமனாருக்குக் கண்ணில் அறுவை செய்திருந்தது. சின்னத் திரையில் அவருக்கு எல்லா முகமும் வெள்ளைப் பூசணிதான். இந்த டிவி வந்த பிறகுதான் யார் சிரிக்கிறார், யார் அழுகிறார் என்று தெரிகிறது. அவர் தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவளால் எதிர்த்துப் பேச முடிந்ததில்லை.

“நான் என்னங்க சொல்லணும்?” என்று கேட்டாள். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

அரை மணி நேரம் பாடம் நடந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு வேக, அவள் காய் நறுக்க, சமையலறை வாசலில் நின்றுகொண்டு மாஸ்டர் கற்றுக்குட்டிக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். “பதறாதே. ஒண்ணொண்ணா வா. ஏழு மணிக்கு என்ன?”

“வினாடி வினா. கேள்வி கேக்கிறவருக்கு எப்பவும் சளி பிடிச்சிருக்கும்.”

“ஏழரைக்கு?”

“ரெண்டு மருமகள் சீரியல். பெரியவ நல்லவ, சின்னவ கெட்டவ. சின்னவ வளையலைக் குலுக்கிக்கிட்டே பேசுவா. மாமியார்க்காரி சொத்தை யாருக்கு எழுதினான்னுதான் தெரியலை. அதைச் சொல்ற நேரத்துல குக்கர் விசில் அடிச்சிடுச்சு.”

மகள் சிரித்துவிட்டாள். “அம்மா, உனக்கு எல்லாம் தெரியுதே.”

தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டு வருடமாக இந்த வீட்டின் சாயங்காலம் முழுவதும் சுவரைத் தாண்டி அவள் காதில் வந்து விழுந்துகொண்டுதானே இருக்கிறது. பாட்டுப் போட்டியில் எந்தக் குழந்தை சுருதி விலகுகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். போலீஸ் தொடரில் குற்றவாளியை இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பாள், சத்தமாக மூச்சு விடுபவன்தான் குற்றவாளி. மாஸ்டருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். தையல் வேலையைப் பற்றி இப்போது பேசலாமா என்று அவள் வாயெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தோளில் கனத்த பை, கழுத்தில் அட்டை, முகத்தில் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய களைப்பு. “உங்களைத்தான் பாக்க வந்தேங்க” என்று மடிப்பக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி உரிந்த கை. அந்தப் பெண் அதைக் கவனித்தாள்.

முதல் கேள்விகளுக்கெல்லாம் மாஸ்டரே பதில் சொன்னார். அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எதைப் பார்த்து அழுவாள் என்று அவர் சொல்லச் சொல்ல மடிப்பக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு ரசனையோடு ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாளா என்று யோசித்தாள். கடைசியில் அந்தப் பெண், “சார், கொஞ்சம் அவங்களைப் பேச விடுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். “இது யாருன்னு தெரியுதுங்களா?”

பால் வடியும் முகம். பெரிய கண்கள். பார்த்தாலே அள்ளிக் கொஞ்சத் தோன்றியது. இது பெரிய மருமகளாகத்தான் இருக்க வேண்டும்.

“தெரியாம என்ன, நம்ம பெரிய மருமக. பாவம், இந்தப் பொண்ணு படாத பாடா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மாமனார்தான் மெதுவாகச் சொன்னார், “அது சின்னவம்மா. விஷம் வச்சவ.”

“கண்ணாடி போடலை அவ” என்றார் மாஸ்டர். மடிப்பக்காவுக்குக் கண்ணாடியே கிடையாது.

அடுத்த படம் ஒரு தாடிக்காரர். கனத்த குரல் இப்படி ஒரு தாடியிலிருந்துதான் வர முடியும் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் என்றாள். அவர் நகைச்சுவை நிகழ்ச்சியில் பெண் வேஷம் போடுகிறவராம். அந்தப் பெண் முகத்தைச் சாதாரணமாகவே வைத்துக்கொண்டு போனை உள்ளே வைத்தாள். மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வருடம் ஒன்றுவிடாமல் பார்த்தவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை என்றால் எந்தக் கம்பெனி நம்பும்?

“சரி, ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க” என்றாள் அந்தப் பெண். “நான் கேள்வி கேக்கிறதை நிறுத்திடறேன். சீரியல் ஆரம்பிக்கப் போகுது. எப்பவும் எப்படிப் பாப்பீங்களோ அப்படியே அவங்கவங்க இடத்துல உட்காருங்க. நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்.”

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழக்கம்போல நாலு நம்பரையும் அமுக்கிவிட்டுச் சோபாவின் வலது பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அங்கே அவர் உருவத்துக்கு மெத்தை பள்ளம் விழுந்திருந்தது. மகள் இடது பக்கத்தில் காலை மடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவரில் அவள் தலை படும் இடம் எண்ணெய்க் கறையாக இருந்தது. மாமனார் ஏற்கெனவே சாய்வு நாற்காலியில்தான் இருந்தார். மூவரும் யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகப் போய் உட்கார்ந்தது.

மடிப்பக்கா அறை நடுவில் நின்றாள்.

சுற்றிப் பார்த்தாள். சோபாவில் இரண்டு பேர் நிறைந்துவிட்டார்கள். சாய்வு நாற்காலி ஒன்று. ஜன்னலோரம் ஒரு முக்காலி இருந்தது, அதன்மேல் மீன்தொட்டி இருந்தது. கதவுக்குப் பின்னால் மாஸ்டரின் செருப்பு அலமாரி. இந்தக் கூடத்தைத் தினமும் பெருக்கித் துடைப்பவள் அவள்தான். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனாலும் இதை இன்றைக்குத்தான் பார்த்தாள். தான் உட்காராதது வேலை ஓயாததால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வேலை ஓய்ந்து வந்திருந்தால் மட்டும் எங்கே உட்கார்ந்திருப்பாள்? இந்த வீட்டில் நாலாவது ஆளுக்கு ஓர் இடமே போடவில்லை. டிவி வந்த அன்று சோபாவை நகர்த்தியபோது போடவில்லை, அதற்குப் பிறகும் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. வருவது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

“என்ன நின்னுட்டே?” மாஸ்டர் சோபாவின் கைப்பிடியைத் தட்டினார். “வா, எப்பவும் போல இங்க உட்காரு.”

கைப்பிடி ஒரு சாண் அகலம். மேலே அவர் டீ குடித்த டம்ளரின் வட்டம் வட்டமான கறை.

மகள் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, “அம்மா, இங்க வேணா...” என்றாள். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

“அடுப்பு எரியுது” என்றாள் மடிப்பக்கா. திரும்பிச் சமையலறைக்குப் போனாள். கழுவுதொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில், தரையில் பூச்சுத் தேய்ந்து வெளுத்திருந்த இடத்தில் போய் நின்றாள். பின்னாலேயே வந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, “என் இடம் இதும்மா. கேக்கிறதை இங்க கேளுங்க” என்றாள்.

கூடத்தில் சீரியலின் முதல் பாட்டு ஓடியது. அந்தப் பெண் சமையலறை வாசலிலிருந்து டிவி இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள். சுவர்தான் தெரிந்தது.

“இங்க இருந்து படம் தெரியாதே.”

“தெரியாது.”

“ஒரு நாள்கூடப் பாத்ததில்லையா?”

“கூடத்துக்குப் போய் டீ குடுக்கும்போது பாத்திருக்கேன். அந்த நேரத்துல எல்லாம் விளம்பரம்தான் ஓடும். விளம்பரம் ஓடினாதான் டீ கேப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், “அவர் பொய் சொல்லணும்னு அமுக்கலைம்மா. வீட்ல இருக்கிறவதானேன்னு அமுக்கிட்டாரு. டிவியை எடுத்துடாதீங்க, பெரியவருக்குக் கண்ணு சரியில்லை.”

அந்தப் பெண் பையைக் கீழே இறக்கி வைத்தாள். அவளும் காலை மாற்றி மாற்றித்தான் நின்றாள் என்பதை மடிப்பக்கா கவனித்தாள். நிற்கிறவர்களின் கால் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

“டிவியை எல்லாம் எடுக்க மாட்டாங்க. மூணு பேரு பாக்கிறாங்களே, அது போதும். ஆனா நாலாம் நம்பரை நான் எடுத்துத்தான் ஆகணும். பாக்காதவங்களைப் பாக்கிறவங்கன்னு வச்சுக்க முடியாது. வருத்தப்படாதீங்க.”

“எடுத்துக்குங்க.”

கூடத்துக்குப் போய் அந்தப் பெண் பெட்டியில் எதையோ அமுக்கினாள். பச்சை விளக்கு நான்கில் ஒன்று அணைந்தது. இனிமேல் மூன்று பேர் மட்டும் அமுக்கினால் போதும், வீட்டுக்கு மூன்று பார்வையாளர் என்று பதிவு செய்தாயிற்று என்று சொல்லிவிட்டு, மடிப்பக்காவுக்கு மட்டும் தனியாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். அடுத்து இன்னொரு வீடு இருந்தது அவளுக்கு.

கதவு சாத்தியதும் வீடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. “அப்பாடா, டிவி தப்பிச்சுது” என்றார் மாஸ்டர். “இவ கவுத்துடுவான்னே நினைச்சேன். என்ன சொல்லிச் சமாளிச்சே?” அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தொலைந்துபோன விளக்கைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. மகள் மட்டும் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் கால் நகத்தைப் பார்த்தாள்.

மடிப்பக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். சீரியலில் பால்முகக்காரி வளையலைக் குலுக்கிக்கொண்டு யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குரலுக்கு இந்த முகம் பொருந்தவே இல்லை என்று தோன்றியது.

“நான் தையல் பிரிவுக்குப் போறேன்” என்றாள். “மதியம் ஒரு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும். இப்ப போன் பண்ணிச் சொல்லப்போறேன்.”

மாஸ்டர் திரும்பவில்லை. “அதான் போன மாசமே பேசி முடிச்சாச்சே. சாயங்காலம் நாலு பேரும் ஒண்ணா உட்கார்ற நேரம்...”

“மூணு பேருங்க” என்றாள் அவள். “இப்பதானே கம்பெனிக்காரங்க எண்ணிட்டுப் போனாங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. மாஸ்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவர் கண் அவளைவிட்டு விலகி, சோபா, நாற்காலி, மீன்தொட்டி என்று ஒரு சுற்று சுற்றி வந்தது. மாமனார் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். யாரும் கேட்காமல் அந்த வீட்டில் டிவி சத்தம் குறைந்தது அதுவே முதல் தடவை.

“சாப்பாடு என்னம்மா பண்றது?” என்று கேட்டார் அவர். குற்றமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“காலையில பண்ணி வச்சுட்டுப் போறேன் மாமா. சுட வைக்கிறதை இவங்க கத்துக்கட்டும். காரே ஓட்டக் கத்துக்குடுக்கிறவர், அடுப்பைப் பத்த வைக்க மாட்டாரா?”

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டுகளை எடுக்கும் சத்தம் கேட்டது. எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுகிற சத்தம்.

மடிப்பக்கா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூப்பர்வைசர் அம்மாள் எடுத்ததும், “வர்றேங்கம்மா, அந்த வேலைக்கு நானே வர்றேன்” என்றாள்.

“வீட்ல சரின்னுட்டாங்களா?”

“சொல்லிட்டேங்கம்மா.”

“நல்லா யோசிச்சுக்கோ. எட்டு மணி நேரம் குனிஞ்சு உட்கார்ந்தபடியே இருக்கணும். முன்னாடி இருந்தவ முதுகு வலி தாங்காமதான் நின்னுட்டா. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

மடிப்பக்கா ஒரு காலைத் தூக்கி மறுகாலின்மேல் தேய்த்துக்கொண்டாள்.

“உட்கார்ந்து வர்ற வலிதானேங்கம்மா. வரட்டும்.”